அருகிய கணினி முறைகளும் பெயர்த்தமைக்கும் பணியும்



கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று அம்பாறை மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்துள்ள முஸ்லிம் ஊர்களில் பிறக்கும் பிள்ளை, இரண்டு எழுத்து முறைகளோடு வளர்கின்றது. குர்ஆன் மதரசாவில் அமர்ந்து வலமிருந்து இடமாக ஓதுகின்றது. பாடசாலைக்குச் சென்று இடமிருந்து வலமாகத் தமிழ் படிக்கின்றது. இவ்விரண்டினாலும் அப்பிள்ளைக்கு யாதொரு குழப்பமும் நேர்வதில்லை.

இவ்விரண்டையும் இணைத்து முன்னோர் ஓர் அரிய செயலைச் செய்தனர். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்துக்களால் எழுதும் முறையை வகுத்தனர். அதற்கு அரபுத் தமிழ் என்று பெயர். அரபு நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 28. அவற்றுள் ‘ங’, ‘ட’, ‘ண’, ‘ழ’ போன்ற ஒலிகளுக்குரிய எழுத்துக்கள் இல்லை. இல்லையென்பதற்காக முன்னோர் தமிழ் ஒலிகளைக் குறைத்துக்கொள்ளவுமில்லை. அரபு எழுத்தைக் கைவிடவுமில்லை. உள்ள எழுத்துக்களோடு புள்ளிகளைக் கூட்டி, இல்லாத ஒலிகளுக்கு எழுத்துக்களை ஆக்கிக்கொண்டனர். சொல் மாறவில்லை, பொருள் மாறவில்லை. அவற்றைத் தாங்கும் எழுத்து மட்டுமே மாறிற்று.

இன்றைய கணினி உலகிலும் இதனையொத்த ஒரு பணி நடைபெற்று வருகின்றது. ஓரிடத்தில் இயங்கும் மென்பொருளை, அதன் பயன் குன்றாமல், வேறொரு கணினி முறையிலும் இயங்குமாறு செய்வதே அப்பணி. ஆங்கிலத்தில் அதனைப் ‘போர்ட்டிங்’ என்பர். தமிழில் பெயர்த்தமைத்தல் எனலாம். படம், ஒலி, விளையாட்டு ஆகியவற்றுக்கு உதவும் பல்லூடக நூலகமொன்றைச் சிலர் மட்டுமே பயன்படுத்தும் கணினி முறைகளுக்குப் பெயர்த்தமைப்பது எவ்வாறு? அத்துணை உழைப்பு எதற்காக? அதில் தமிழுக்குரிய பங்கு யாது? இம்மூன்று வினாக்களே இப்பேச்சின் பொருளாகும்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். திரை, ஒலிபெருக்கி, விசைப்பலகை, நினைவகம் ஆகிய யாவற்றையும் ஆண்டு நடத்தும் தலைமை மென்பொருளுக்குப் பணிசெயல் முறைமை என்று பெயர். மேசைக் கணினிகளில் விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகியனவும், கைப்பேசிகளில் ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். ஆகியனவும் பலரும் அறிந்த முறைமைகள். நூலகம் என்றதும் புத்தகங்கள் அடுக்கிய கட்டடத்தை எண்ணுதல் வேண்டா. ஒருவர் எழுதி வைத்த நிரல்களை மற்றவர் எடுத்துத் தம் மென்பொருளில் பயன்படுத்துமாறு தொகுத்து வைத்த தொகுதியே கணினியியலில் நூலகம் எனப்படுகின்றது.

நூலகத்தின் தேவையை ஓர் உவமையால் விளக்கலாம். மத்திய கிழக்கு நாடுகளில் தொழில் செய்து ஊர் திரும்புவோர் கொண்டுவரும் மின்சாதனங்களை இக்கரையோர வீடுகளில் காணலாம். சில சாதனங்களின் பிளக் சதுர முனைகளை உடையது. பழைய வீட்டுச் சுவரிலோ வட்டத் துளைகளே இருக்கும். அதற்காகச் சாதனத்தை உடைப்பாருமில்லை, சுவரை இடிப்பாருமில்லை. இடையில் ஓர் அடாப்டரைப் பொருத்தி வேலையை முடித்துக்கொள்வர். பணிசெயல் முறைமைகளும் இவ்வாறே ஒன்றற்கொன்று வேறுபட்ட துளைகளை உடையவை. திரையில் ஒரு சாளரம் திறக்க விண்டோஸிடம் கேட்கும் முறை வேறு. லினக்ஸிடம் கேட்கும் முறை வேறு. மாக் கணினியிடம் கேட்கும் முறை வேறு. ஒரு விளையாட்டை ஆக்குபவர் ஒவ்வொரு முறைமைக்கும் தனித்தனியே எழுத நேர்ந்தால் அவர்தம் ஆயுளின் பெரும்பகுதி அதிலேயே கழிந்துவிடும். இடையே ஒரு நூலகம் நின்று, ‘சாளரம் வேண்டுமென்று என்னிடம் ஒரே முறையாகக் கேள், இந்த முறைமையிடம் எப்படிக் கேட்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பொறுப்பேற்குமாயின் எத்துணை நன்று!

அவ்வாறு பொறுப்பேற்ற நூலகங்களுள் புகழ் பெற்றது எஸ்.டி.எல். எனச் சுருக்கமாக வழங்கும் சிம்பிள் டைரக்ட்மீடியா லேயர் என்பதாகும். இதனை ஆக்கியவர் சாம் லன்டிங்கா என்னும் அமெரிக்க நிரலாளர். விண்டோஸுக்கென எழுதப்பட்ட ஒரு மென்பொருளை மாக் கணினிக்குப் பெயர்த்தமைக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தபோதே இந்த எண்ணம் அவருக்கு உதித்தது. 1998 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நூலகத்தை வெளியிட்டார். ‘டூம்’ என்னும் விளையாட்டின் மூல நிரல் 1997 டிசம்பரில் வெளியிடப்பட்டிருந்தது. அதனைத் தம் நூலகத்தின் துணையோடு பீ.ஓ.எஸ். என்னும் முறைமைக்கு அவர் பெயர்த்தமைத்தார். விண்டோஸ் விளையாட்டுக்களை லினக்ஸுக்குக் கொண்டுவருவதற்கென்றே தோன்றிய லோக்கி என்னும் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். அந்நிறுவனம் 2002 ஜனவரியில் மூடப்பட்டது. நிறுவனம் மறைந்தது, நூலகம் மறையவில்லை. அதன் மூல நிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம்.

2013 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டாம் தலைமுறைப் பதிப்பு, கட்டணமோ கடுமையான நிபந்தனையோ இன்றி எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற தாராளமான உரிமத்தோடு வந்தது. மூன்றாம் தலைமுறையின் நிலையான பதிப்பு 2025 ஜனவரியில் வெளியாயிற்று. உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவர் பைதன் மொழியைக் கற்கின்றனர். பைதனில் விளையாட்டு ஆக்க உதவும் ‘பைகேம்’ என்னும் தொகுதியும் இந்த எஸ்.டி.எல். நூலகத்தின்மீதே நிற்கின்றது. ஆகவே இது எங்கோ தொலைவிலுள்ள பொருளன்று. கல்முனை மாணவனின் கைக்கெட்டும் தூரத்திலுள்ள பொருளே.

இனி, அருகிய முறைமைகளைப் பற்றிக் கூறுதல் தகும். பீ.ஓ.எஸ். என்று முன்னர்க் குறிப்பிட்ட முறைமை, ழான் லூயி கசே என்பார் 1990 இல் நிறுவிய ‘பீ’ என்னும் நிறுவனத்தின் ஆக்கம். படமும் ஒலியும் தங்குதடையின்றி ஓடவேண்டும் என்பதையே தலையாய நோக்கமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. வணிகத்தில் அது வெற்றி காணவில்லை. 2001 இல் அந்நிறுவனத்தின் சொத்துக்கள் பாம் என்னும் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. முறைமையின் மீது பற்றுக்கொண்டோர் அதனை மறக்கவில்லை. மூல நிரல் தங்கள் கையில் இல்லாத நிலையில், அதே போன்ற முறைமையொன்றைத் தொடக்கத்திலிருந்து தாமே எழுதத் தலைப்பட்டனர். 2004 முதல் அதற்கு ஹைக்கூ என்று பெயர். முதலாவது முன்னோட்டப் பதிப்பு 2018 செப்டெம்பரிலும், ஐந்தாவது முன்னோட்டப் பதிப்பு 2024 செப்டெம்பரிலும் வெளியாயின. பதினேழு ஆண்டுகள் உழைத்து முன்னோட்டப் பதிப்பு வரையில் வந்தவர்களின் பொறுமையை என்னவென்பது!

ஹைக்கூவைப் போன்றே வேறு சில முறைமைகளும் உள்ளன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகோர்ன் நிறுவனம் 1987 இல் வெளியிட்ட ரிஸ்க் ஓ.எஸ். இன்று ராஸ்பெரி பை என்னும் சிறிய மலிவுக் கணினியில் இயங்குகின்றது. 1985 இல் தோன்றிய அமிகா கணினியின் முறைமையை இன்றும் பேணுவாருளர். ஐ.பி.எம். நிறுவனம் 1987 இல் வெளியிட்ட ஓ.எஸ்.2 என்னும் முறைமைக்கு அந்நிறுவனத்தின் ஆதரவு 2006 இல் முடிந்தது; ஆயினும் 2017 முதல் ஆர்க்கா ஓ.எஸ். என்னும் பெயரில் அது தொடர்ந்து வருகின்றது. எஸ்.டி.எல். நூலகத்தின் முதலாந் தலைமுறை இவையனைத்திலும் ஏதோவொரு வகையில் கால்வைத்தது. சிலவற்றில் நூலகத்தாரே அதிகாரபூர்வமாகப் பொறுப்பேற்றனர். சிலவற்றில் ஆர்வலர்கள் தாமாகவே முன்வந்து செய்தனர்.

பெயர்த்தமைப்போர் செய்யும் வேலைதான் யாது? நூலகத்தின் மூல நிரலைத் திறந்து பார்ப்போர் அதில் இரண்டு பகுதிகளைக் காண்பர். ஒன்று எல்லா முறைமைகளுக்கும் பொதுவான பகுதி. மற்றையது ஒவ்வொரு முறைமைக்கும் தனித்தனியே எழுதப்பட்ட செலுத்திகள் அடங்கிய பகுதி. புதிய முறைமைக்குக் கொண்டுசெல்பவர் பொதுப் பகுதியைப் பெரும்பாலும் தொடுவதில்லை, செலுத்திகளையே எழுதுகின்றார். எது பொது, எது தனி என்று முன்கூட்டியே பிரித்து வைத்ததே அந்நூலகத்தின் பெருஞ்சிறப்பு. அரபுத் தமிழ் வகுத்தோர், சொல் பொதுவானது, எழுத்துத் தனியானது என்று பிரித்துணர்ந்ததும் இத்தகையதே.

இதில் புதிதாக ஈடுபடுவோர்க்கு உதவியாக நூலகத்தினுள்ளேயே ஒரு பொய்ச் செலுத்தி வைக்கப்பட்டிருக்கின்றது. அது திரையில் எதனையும் காட்டுவதில்லை. ‘சாளரம் திற’ என்றால் திறந்ததாகச் சொல்லும். ‘படம் வரை’ என்றால் வரைந்ததாகச் சொல்லும். பயனற்றதுபோலத் தோன்றினும் அதன் பயன் பெரிது. எந்தெந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டும் என்பதை அது ஒரு மாதிரிப் படிவமாகக் காட்டுகின்றது. முதலில் பொய்ச் செலுத்தியோடு நூலகம் முழுவதும் தொகுபடுகின்றதா என்று பார்ப்பர். அதன் பின்னர் ஒவ்வொரு பொய் விடையையும் மெய் விடையாக மாற்றிச் செல்வர். வீடு கட்டுவோர் முதலில் கயிறு பிடித்து எல்லை வகுத்துக்கொள்வது போன்றது இது.

முதலில் திரை. அகலத்தில் 640 புள்ளிகளும் உயரத்தில் 480 புள்ளிகளும் கொண்ட சிறிய படத்திற்கூட மொத்தம் 3,07,200 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவும் எண்களாகக் குறிக்கப்படும. சில முறைமைகள் சிவப்பை முதலில் எழுதும். சில நீலத்தை முதலில் எழுதும். இந்த வரிசையைப் பிழையாக எடுத்துக்கொண்டால் செம்பருத்திப்பூ நீலமாகவும், கடல் செந்நிறமாகவும் தோன்றும்.

இரண்டாவது ஒலி. தெளிவான ஒலிக்கு ஒரு வினாடியை 44,100 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் ஒலியின் அளவை எண்ணாகக் குறிப்பர். ஒரு கூற்றுக்கு இரண்டு பைட் வீதம், இடம் வலம் என இரண்டு ஒலிவழிகளுக்குமாக வினாடியொன்றுக்கு 1,76,400 பைட்டுகள் தேவை. இவற்றைச் சிறு சிறு பொதிகளாக்கி முறைமையிடம் ஒப்படைக்கவேண்டும். 1,024 கூறுகள் கொண்ட பொதியொன்று ஏறத்தாழ 23 மில்லிவினாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அடுத்த பொதி வந்து சேராவிட்டால் இசை அறுபட்டு வெடுக்கென்ற ஓசை கேட்கும். வானொலி கேட்டுப் பழகிய செவிகள் அந்தக் குறையை உடனே கண்டுகொள்ளும். பொதியைப் பெரிதாக்கினால் அறுபடுதல் குறையும்; ஆயின் விசையை அழுத்திச் சற்றுக் கழித்தே ஓசை எழும். இவ்விரண்டுக்கும் இடையே அந்தந்த முறைமைக்கேற்ற நடுநிலையைக் கண்டறிவதே செலுத்தி எழுதுவோரின் திறமை.

மூன்றாவது எண்களின் வரிசை. 258 என்ற எண்ணைக் கணினி இரண்டு பைட்டுகளில் எழுதும்போது, 256 ஒன்று, மிகுதி இரண்டு எனப் பிரித்து ஒன்று, இரண்டு என்று எழுதும். அமிகாவில் இருந்த பழைய மோட்டொரோலாச் செயலிகள் பெரிய கூற்றை முதலில் எழுதின. இன்டெல் செயலிகள் சிறிய கூற்றை முதலில் எழுதுகின்றன. ஒன்றன் எழுத்தை மற்றொன்று அப்படியே வாசித்தால் 258 என்பது 513 ஆகிவிடும். வலமிருந்து எழுதியதை இடமிருந்து வாசிப்பதற்கு ஒப்பானது இது. மதரசாவுக்கும் பாடசாலைக்கும் மாறிமாறிச் செல்லும் பிள்ளைக்கு இதனை விளக்க அதிக நேரம் வேண்டியதில்லை.

நான்காவது விசைப்பலகை. இங்கேதான் தமிழின் கதை தொடங்குகின்றது. பழைய பதிப்பில் ஒரு விசையை அழுத்தினால் ஓர் எழுத்து என்று கருதியே நூலகம் அமைந்திருந்தது. ஆங்கிலத்திற்கு அது போதுமானது. பல விசைகள் சேர்ந்து ஓர் எழுத்தாகும் மொழிகளுக்கு அது போதாது. இரண்டாந் தலைமுறையில் விசையை அழுத்துதல் வேறு, எழுத்து உள்வருதல் வேறு என்று பிரித்துவிட்டனர். உள்வரும் எழுத்து யூனிக்கோடு முறையில் வருகின்றது. 1991 இல் வெளிவந்த யூனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது.

எழுத்து உள்ளே வந்துவிட்டது. அதனைத் திரையில் காட்டுவது எவ்வாறு? ‘கெ’ என்ற எழுத்தை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிகின்றது. ககரம் பின்னே நிற்கின்றது. கணினியின் நினைவிலோ ககரம் முதலிலும் எகரக் குறி அடுத்தும் இருக்கின்றன. ‘கொ’ என்னும் எழுத்தில் ஒரே ஒரு குறிதான் நினைவில் உண்டு. திரையில் அது பிளந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சென்று நிற்றல் வேண்டும். எழுத்துக்களை வந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து செல்லும் நிரலுக்கு இது தெரியாது. ஆங்கிலத்தை அழகாகக் காட்டும் அதே நிரல் தமிழைச் சிதைத்துக் காட்டும். அரபுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. சொல்லின் முதல், இடை, கடை என்ற நிலைக்கேற்ப அரபு எழுத்து வடிவம் மாறி இணைதல் வேண்டும். இன்றேல் எழுத்துக்கள் உதிர்ந்து தனித்தனியே நிற்கும்.

இக்குறையைத் தீர்ப்பது ஹார்ஃப்பஸ் என்னும் வேறொரு திறந்த நூலகம். அதன் பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. எழுத்தைக் குறிக்கும் ஹர்ஃபு என்ற அரபுச் சொல், ஓதப் பழகிய ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த சொல்லே. எஸ்.டி.எல். நூலகத்தோடு எழுத்து வரைவதற்கென வழங்கும் துணைநூலகத்தில், 2022 ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பில் ஹார்ஃப்பஸ் இணைக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்விணைப்புக் கட்டாயமானதன்று, விரும்பினால் சேர்க்கலாம், வேண்டாவெனில் விடலாம். அதனைச் சேர்க்காமலே நூலகத்தைத் தொகுத்தாலும் ஆங்கிலம் செவ்வையாகத் தெரியும்.

இப்பேச்சின் மையம் இதுவே. அருகிய முறைமையொன்றுக்குப் பெயர்த்தமைக்கும் ஆர்வலர் தம் ஓய்வு நேரத்தில் உழைப்பவர். வேலையைச் சுருக்க எண்ணி, கட்டாயமற்றதை விட்டுவிட அவர் நினைப்பது இயல்பு. அவர் ஆங்கிலமோ ஜேர்மனோ மட்டும் அறிந்தவராயின், விட்டுவிட்டதால் எதுவும் கெட்டதாக அவர் கண்ணுக்குத் தெரியாது. அவரிடம் தீய நோக்கம் ஏதுமில்லை. தமிழ் எழுத்துப் பிளந்து நிற்பதை அவர் காணவில்லை, அவ்வளவே. தமிழ் அறிந்த ஒருவர் அங்கிருந்து, ‘ஐயா, மௌலவி என்ற சொல்லை ஒருமுறை எழுதிப் பாருங்கள், ஔகாரக் குறி உடைந்து நிற்கின்றது’ என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு வரி போதும். ஓர் இணைப்புச் சேரும். அந்த முறைமையில் இனி எழுதப்படும் மென்பொருள்கள் தமிழைச் சரியாகக் காட்டுவதற்கும் வழி திறக்கும்.

இவ்வாறு நடைபெறுவது கற்பனையன்று என்பதற்கு ஒரு சான்று உண்டு. டக்ஸ் பெயின்ட் என்பது சிறு பிள்ளைகளுக்கான ஓவிய மென்பொருள். 2002 இல் பில் கென்ட்ரிக் என்பார் தொடங்கியது, எஸ்.டி.எல். நூலகத்தின்மீது எழுந்தது. விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகியவற்றோடு ஹைக்கூவுக்கும் அது கொண்டுசெல்லப்பட்டிருக்கின்றது. தொண்டர்கள் பல மொழிகளில் அதனை ஆக்கியுள்ளனர்; அவற்றுள் தமிழும் ஒன்று. சிக்கலான எழுத்துக்களைக் காட்டுவதற்குப் பாங்கோ என்னும் வேறொரு நூலகத்தின் துணையை அது முன்னரே நாடியது. எவரோ ஒருவர் கேட்டார், எவரோ ஒருவர் செய்தார். அதனால் தமிழ்ப் பிள்ளை தன் மொழியிலேயே தூரிகையைத் தெரிந்தெடுக்கின்றது.

‘உலகில் பெரும்பாலோர் விண்டோஸும் ஆண்ட்ராய்டும் வைத்திருக்க, விரல்விட்டு எண்ணத்தக்கோர் பயன்படுத்தும் முறைமைக்காக ஏன் இத்தனை பாடு?’ என்று வினவுவாருமுளர். நியாயமான வினாவே. அதற்கு மூன்று விடைகள் உண்டு.

முதலாவது, பழைய கணினிகள். விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பு, பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. நல்ல நிலையிலுள்ள இயந்திரங்கள் மூலையில் ஒதுக்கப்படுகின்றன. அவற்றுக்கு லினக்ஸே முதன்மையான மாற்று என்பதில் ஐயமில்லை. மிகக் குறைந்த நினைவகமுள்ள கணினியிலும் இயங்கவல்ல ஹைக்கூ போன்றவை மற்றொரு மாற்று. ஆயின் வெறும் முறைமையை நிறுவினால் மட்டும் போதாது. பிள்ளைகள் பயன்படுத்த மென்பொருள் வேண்டும். மென்பொருள் வேண்டுமாயின் அதனைத் தாங்கும் நூலகம் அங்கே பெயர்த்தமைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பெயர்த்தமைத்தல் மூலத்தையும் செம்மை செய்கின்றது. ஒரே முறைமையில் ஓடும் நிரலில் மறைந்திருக்கும் பிழைகள் பல, வேறொரு முறைமையில் ஓட்டும்போதே வெளிப்படும். எண்களின் வரிசையைப் பற்றி முன்னர்க் கூறிய பிழை அத்தகையது. சிலருக்காகச் செய்த திருத்தம் பலருக்கும் பயனாகின்றது.

மூன்றாவது விடையே முக்கியமானது. எண்ணிக்கையில் சிறியோரின் பொருளை, அவர்களே பேணாவிடின் வேறு யாரும் பேணப்போவதில்லை. ஓ.எஸ்.2 முறைமைக்கான பகுதி எஸ்.டி.எல். நூலகத்தின் இரண்டாந் தலைமுறையில் இருந்தது. மூன்றாந் தலைமுறையில் அது நீக்கப்பட்டுவிட்டது. ஹைக்கூவுக்குரிய பகுதியோ மூன்றாந் தலைமுறையிலும் நிலைத்திருக்கின்றது. நூலகம் வளர வளர ஒவ்வொரு கிளையையும் புதிய மாற்றங்களுக்கேற்பத் திருத்தி வருதல் வேண்டும். நீரூற்றுவார் உள்ள கிளை தழைக்கும். இல்லாத கிளை வெட்டப்படும். அதில் வஞ்சமில்லை, அது தோட்டத்தின் நியதி. கணினியில் தமிழும் அத்தகைய ஒரு கிளையே. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியாயினும், நிரல் எழுதும் மேசையருகே தமிழறிந்தோர் இல்லாவிடின் அங்கே தமிழும் அருகிய மொழியே ஆகும்.

இந்நாட்டவர்க்கு இத்தகைய பணி புதியதன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்தபோது, நாட்டிலேயே பெரும் உயிரிழப்புக்கு உள்ளானது அம்பாறை மாவட்டம். அத்துயரின் நடுவே இலங்கை நிரலாளர் தொண்டர்களாகக் கூடி, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவு செய்ய ‘சஹானா’ என்னும் திறந்த மென்பொருளை ஆக்கினர். அது இங்கேயே நின்றுவிடவில்லை. 2005 இல் பாக்கிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கும், பின்னர் வேறு நாடுகளிலும் பயன்பட்டது. பிறர் தந்ததைப் பெறுவதற்கு மட்டுமன்றி, பிறருக்குக் கொடுப்பதற்கும் இத்தீவினரால் இயலும் என்பதை அது காட்டிற்று.

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையிலுள்ள காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள், 1930 களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் பெயர்த்தமைக்க இயலும் என்று அவர் நம்பியது இக்கரையோரத்து மண்ணில் ஊன்றிய நம்பிக்கை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்து இன்று முப்பது ஆண்டுகளாகின்றன. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கின்றது. அன்று சென்னைக்குச் செல்லவேண்டியிருந்த வேலையை இன்று வீட்டிலிருந்தே செய்யலாம்.

தொடங்குவது எங்ஙனம் என்று ஐயுறும் மாணவர் பெருமுயற்சியில் இறங்கவேண்டியதில்லை. பைதன் கற்ற மாணவர் பைகேம் கொண்டு ஒரு சிறு விளையாட்டை ஆக்கலாம். அதில் தம் ஊர்ப்பெயரைத் தமிழில் காட்டிப் பார்க்கலாம். பழைய கணினியொன்றில் ஹைக்கூவை நிறுவி, ‘கொழும்பு’, ‘தேங்காய்’, ‘மௌலவி’, ‘ஸ்ரீ’ என்ற சொற்கள் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று சோதிக்கலாம். குர்ஆன் வசனத்தின் எழுத்துக்கள் இணைந்து நிற்கின்றனவா என்றும் பார்க்கலாம். குறை கண்டால், எந்த முறைமை, எந்தப் பதிப்பு, எதிர்பார்த்தது யாது, கண்டது யாது என்று நான்கு வரிகளில் எழுதிப் படத்தோடு நூலகத்தாருக்கு அறிவிக்கலாம். குறையை அறிவிப்பதும் பணியே. பின்னர், சி மொழியைக் கற்றுக்கொண்டோர் அக்குறையைத் தாமே திருத்தவும் முற்படலாம். தமிழும் அரபும் இரண்டுமே கண்ணுக்குப் பழகிய பிள்ளைகள், இரண்டு எழுத்துக்களிலும் பிழை காணவல்லவர்கள், இக்கரையோரத்தைப் போல் வேறெங்கும் எளிதிற் கிடைப்பாரல்லர்.

அரபுத் தமிழ் எழுதிய முன்னோர் அச்சுவெள்ளெழுத்தோ பெருஞ்செல்வமோ கைக்கொண்டு அதனைத் தொடங்கவில்லை. இல்லாத எழுத்துக்கு ஒரு புள்ளியை வைத்தே தொடங்கினர். இன்றைய பெயர்த்தமைக்கும் பணியும் அத்தகைய சிறு புள்ளிகளாலேயே நிறைவுறுகின்றது. ஒரு புள்ளியை வைக்கவேண்டிய இடம் எது என்று தெரிந்தவர்கள் அதனை வைக்காது விடுவார்களாயின், அவ்விடம் வெற்றிடமாகவே இருக்கும்.